ரெண்டு நூல் தாழ்வு!

உங்களுக்கு முன்னால் ஒரு கார் போகிறது. நம்பர் பிளேட்டைப் பார்ப்பீர்கள். ஃபேன்ஸி நம்பராக இருந்தால் கொஞ்சம் வயிறு எரிவீர்கள். பின் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் பிள்ளைகள் பெயரைப் படிப்பீர்கள். ஆனால் அந்தக் கார் நேராக நிற்கிறதா, சாய்ந்து நிற்கிறதா என்று என்றைக்காவது பார்த்திருக்கிறீர்களா?

நாளைக்கு ஆபீஸ் போகும்போது பாருங்கள். பத்து வருஷம் ஓடின வண்டிகளில் பலதும் ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்துதான் ஓடிக்கொண்டிருக்கும். வருஷக்கணக்காக ஒரே தோளில் ஜோல்னாப் பை மாட்டினவருக்கு அந்தத் தோள் மட்டும் இறங்கிப் போய்விடும் இல்லையா, அதே கதைதான். நம் நாட்டில் டிரைவர் உட்காருவது வலது பக்கம். முக்கால்வாசி நேரம் வண்டியில் இருப்பது அவர் ஒருவர்தான். அவர் எழுபது கிலோவா நூறு கிலோவா என்பது அவருடைய டாக்டரும் வண்டியின் வலது பக்க ஸ்பிரிங்கும் மட்டும் அறிந்த ரகசியம்.

(ஸ்கூட்டர்காரர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பழைய சேட்டக்கில் எஞ்சினை வலது பக்கம் ஒதுக்கி வைத்திருந்தான். ஸ்டார்ட் ஆகாவிட்டால் வண்டியையே ஒரு பக்கம் சாய்த்துப் பிடித்துத் தாஜா பண்ணின தலைமுறை நாம்.)

சாய்வு கொஞ்சமாக இருக்கிற வரைக்கும் அழகுப் பிரச்னை. கொஞ்சம் கூடினால் டயர் பிரச்னை. அதையும் தாண்டினால் உயிர்ப் பிரச்னை. அந்தக் கணக்கைத்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம். அதற்கு நல்ல இடம் கோட்டாறு.

கோட்டாறு என்றால் நாகர்கோவில்தான். நாகர்கோவில் ஜங்ஷன் ரயில் நிலையம் இருப்பதே கோட்டாறில். 1979ல் திருவனந்தபுரத்திலிருந்து ரயில் பாதை வந்ததிலிருந்து ‘கோட்டாறு ஸ்டேஷன்’ என்றால்தான் உள்ளூர் ஆட்டோக்காரருக்குப் புரியும். சவேரியார் பேராலயம், கம்போளம் சந்தை, அரிசி மூட்டை, பலசரக்கு, பழக்குலை, லாரி, நெருக்கடி... டாலமி என்கிற பழைய கிரேக்கன் ‘கோட்டியாரா’ என்று எழுதி வைத்த ஊர் இதுதான் என்று சொல்கிற ஆராய்ச்சியாளர்கள் உண்டு. இருக்கட்டும். டாலமி காலத்திலும் அந்தச் சந்தைத் தெரு இதே அகலத்தில்தான் இருந்திருக்கும் என்பது என் ஆராய்ச்சி.

இங்கே மூட்டை ஏற்றாத வண்டி கிடையாது. டிசம்பர் 3ம் தேதி சவேரியார் திருவிழா முடிகிற வரை ஒரு கூட்டம், சபரிமலை சீசனில் ஒரு கூட்டம், கன்னியாகுமரியில் சூரியோதயம் பார்க்க இருபது கிலோமீட்டர் ஓடுகிற கூட்டம் வருஷம் பூரா. ‘பிளசர்’ என்று நம் தாத்தாக்கள் சொன்ன வாடகைக் கார்களுக்கு ஓய்வே கிடையாது. அந்த வாடகைக் கார்களில் ராஜா யாரென்று சொல்லத் தேவையில்லை. அம்பாசடர்!

இந்த ராஜாவின் பூர்வீகம் இங்கிலாந்து. அங்கே மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசை என்று பெயர். கல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ்காரர்கள் 1957-58 வாக்கில் அதற்கு அம்பாசடர் என்று நாமகரணம் செய்தார்கள். இங்கிலாந்துக்காரன் அந்த மாடலை விட்டுவிட்டு வேறு வேறு கார் பண்ணப் போய்விட்டான். நாம் விடவில்லை. 2014 மே மாதம் உத்தர்பாராவில் வேலை நிற்கிற வரை பிடித்துக்கொண்டிருந்தோம். 2013ல் பி.பி.ஸியின் ‘டாப் கியர்’ நிகழ்ச்சியில் உலகத்து டாக்ஸிகளை எல்லாம் வரிசை கட்டிப் பார்த்து, முதல் பரிசை இதற்குத்தான் கொடுத்தார்கள். அடுத்த வருஷமே கடையைச் சாத்தியாயிற்று. பரிசு வாங்கினவர்கள் சீக்கிரம் ரிட்டையர் ஆவது நம் ஊரில் புதிதா என்ன!

சரி, சாய்வுக்கு வருவோம். பழைய மார்க் வரிசை அம்பாசடரின் பானெட்டுக்கு அடியில் குனிந்து பார்த்தால் முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் வட்டவட்டமான ஸ்பிரிங்கைத் தேடுவீர்கள். இருக்காது. பட்டை ஸ்பிரிங்கும் இருக்காது. ‘அப்போ வண்டி எதில்தான் நிற்கிறது?’ என்று குழம்புவீர்கள். பக்கத்துக்கு ஒன்றாக, வண்டியின் நீளவாக்கில் ஒரு இரும்புக் கம்பி பின்னோக்கிப் போகும். ஸ்டீரிங் ராடோ, பிரேக் சமாசாரமோ என்று நினைத்து விட்டுவிடுவீர்கள். அதுதான் ஸ்பிரிங்! டார்ஷன் பார் என்பது அதன் பெயர். ஒர்க்‌ஷாப் பையன்கள் பாஷையில் ‘டார்சன் ராடு’.

வேலை ரொம்ப எளிது. ஈர வேட்டியைப் பிழியும்போது ஒரு முனையை நீங்கள் பிடித்துக்கொள்ள, இன்னொரு முனையை வீட்டம்மா (அல்லது வீட்டம்மா பிடித்துக்கொள்ள நீங்கள்!) முறுக்குவதில்லையா? அப்படித்தான். கம்பியின் முன் முனை, சக்கரத்தைத் தாங்குகிற கீழ்க் கையோடு பல் பல்லாகக் கோத்து இணைந்திருக்கிறது. பின் முனையை நகராதபடி வண்டியின் குறுக்குச் சட்டத்தில் பூட்டியிருக்கிறார்கள். சக்கரம் கல்லில் ஏறி மேலே வந்தால் கீழ்க் கை மேலே போகும், கம்பி முறுகும். நல்ல ஸ்பிரிங் எஃகாச்சே, முறுக்கினால் சும்மா இருக்குமா? திமிறிக்கொண்டு பழைய நிலைக்குத் திரும்பும். வேட்டி திரும்பாது, எஃகு திரும்பும். அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்னொரு வேடிக்கை. நாம் ஸ்பிரிங் என்றாலே நினைத்துக்கொள்கிற சுருள் ஸ்பிரிங்கும் அடிப்படையில் டார்ஷன் பார்தான். சுருளை அமுக்கும்போது உள்ளே அந்தக் கம்பி வளைவதில்லை, முறுகத்தான் செய்கிறது. நீளமாக விட்டால் டார்ஷன் பார், சுருட்டி வைத்தால் காயில் ஸ்பிரிங். பாயை விரித்தால் ஒரு பெயர், சுருட்டினால் ஒரு பெயர் வைத்த மாதிரி.

இதை மோரிஸ் கம்பெனிக்குக் கொண்டுவந்தவர் அலெக் இஸிகோனிஸ் என்கிற எஞ்சினியர். 1906ல் துருக்கி ஸ்மிர்னாவில் (இப்போது இஸ்மிர்) பிறந்து இங்கிலாந்துக்குப் பிழைக்க வந்தவர். 1948ல் மோரிஸ் மைனர் காரை இந்தக் கம்பிகளின் மேல் நிறுத்தினார். அதன் அண்ணன் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டுக்கும் அதே ஏற்பாடு. வழிவழியாக நம் அம்பாசடருக்கும் வந்து சேர்ந்தது. (அப்புறம் 1959ல் மினி காரைப் பண்ணி உலகப் புகழ் பெற்று, ‘சர்’ பட்டமும் வாங்கினார். கோட்டாறில் அவரை யாருக்கும் தெரியாது. ஆனால் அவர் போட்ட கம்பியை முறுக்காத மெக்கானிக் கிடையாது!) அவருக்கு முன்பே 1934ல் சிட்ரோன் என்கிற பிரெஞ்சுக் கார் இதில் ஓடியிருக்கிறது. ஃபோக்ஸ்வாகன் பீட்டிலும் இதில்தான் ஓடியது. நம் ஆவடித் தொழிற்சாலையில் தயாரான டி-72 டாங்கி இருக்கிறதே, நாற்பது டன்னுக்கு மேல் கனம், அதையும் டார்ஷன் பார்கள்தான் தாங்குகின்றன. நாற்பது டன்னைத் தாங்குகிற சமாசாரம் நம்முடைய டிரைவர் அண்ணாச்சியைத் தாங்காதா?

தாங்கும். ஆனால் எஃகுக்கும் வயசாகும். வருஷக்கணக்கில் முறுகி முறுகி, மீண்டு வருவதில் துளித்துளியாகக் குறை விழும். அதோடு நம் ஆட்கள் ஒரு காரியம் செய்தார்கள். பெட்ரோல் விலை ஏற ஏற, பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிக் கடாசிவிட்டு டீசல் எஞ்சினைத் தூக்கி வைத்தார்கள். டீசல் எஞ்சின் கனம் கூடியது. பாரம் கூடினதும் வண்டி மூக்கைத் தரையில் தேய்க்கிற மாதிரி குனிந்துகொண்டது. பின்னால் டிக்கியில் மூட்டை ஏற்றினால் மட்டும் நிமிரும்!

குனிந்ததை நிமிர்த்தத்தான் அட்ஜஸ்ட்மென்ட். கம்பியின் பின் முனை பூட்டியிருக்கும் இடத்தில் ஒரு லீவர் உண்டு. அதன் பிடிமானத்தைக் கொஞ்சம் நகர்த்திப் பூட்டினால் கம்பி முழுக்கக் கொஞ்சம் திரும்பும். முன்னால் கீழ்க் கை கீழே இறங்கும். வண்டி மேலே எழும்பும். வண்டிக்கு வண்டி விவரம் மாறும். சிலதில் துளை மாற்றிப் பூட்டுவது, சிலதில் பல் தள்ளிக் கோப்பது. பின்னால் வந்த குவாலிஸ், டவேரா மாதிரி வண்டிகளிலும் முன்னால் டார்ஷன் பார்தான். அவற்றில் ஒரு போல்ட்டைத் திருகியே ஏற்றி இறக்கலாம்.

பல் தள்ளுவதில் ஒரு சின்னக் கணக்கு. கீழ்க் கை 10 அங்குலம் நீளம் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். சக்கரம் 1 அங்குலம் ஏறி இறங்க, கம்பி சுமார் 6 டிகிரி திரும்ப வேண்டும். கம்பி முனையில் 40 பல் இருந்தால் ஒரு பல்லுக்கு 9 டிகிரி. அதாவது ஒரு பல் தள்ளினால் வண்டி ஒன்றரை அங்குலம் துள்ளிவிடும். நமக்கு வேண்டியதோ கால் அங்குலம்! என்ன செய்வது? பீட்டில் காரின் பின்பக்கக் கம்பியில் ஜெர்மன்காரன் ஒரு மூளை வேலை செய்தான். உள் முனையில் 40 பல், வெளி முனையில் 44 பல். உள்ளே ஒரு பல் முன்னால் தள்ளி, வெளியே ஒரு பல் பின்னால் தள்ளினால் மிஞ்சுவது ஒரு டிகிரிக்கும் குறைவு. பிஸிக்ஸ் லேபில் வெர்னியர் காலிப்பரை வைத்துக்கொண்டு முழித்தோமே, அதே தத்துவம். அப்போதே வாத்தியார் காரைக் காட்டிச் சொல்லியிருந்தால் இன்னும் நாலு மார்க் வந்திருக்கும்.

இங்கே ஒரு பரவலான தப்பு அபிப்பிராயத்தையும் ஓரங்கட்டிவிடலாம். ‘முறுக்கி ஏத்தினா சஸ்பென்ஷன் ஹார்டு ஆயிடும் சார்’ என்பார்கள். ஆகாது. கம்பியின் விறைப்பு அதன் கனத்திலும் நீளத்திலும் எஃகிலும் இருக்கிறது. கனம் 10 சதவிகிதம் கூடினால் விறைப்பு 46 சதவிகிதம் கூடும். நீளம் இரட்டித்தால் விறைப்பு பாதி. லீவரை நகர்த்துவதால் இதில் எதுவும் மாறவில்லை. உயரம்தான் மாறுகிறது. பின்னே ஏன் ஹார்டாகத் தெரிகிறது? அளவுக்கு மேல் ஏற்றிவிட்டால் சக்கரம் கீழே இறங்க இடம் இல்லாமல் போய், குழியில் விழும்போதெல்லாம் ‘டங்’ என்று தட்டும். அந்தத் தட்டலைத்தான் விறைப்பு என்கிறார்கள். அதேபோல ‘ஷாக்கப்சர் போயிட்டு, அதான் சாயுது’ என்பதும் சரியில்லை. ஷாக்கப்சர் ஆட்டத்தை அடக்குகிற ஆசாமி. பாரத்தைச் சுமப்பது அவன் வேலை இல்லை.

சில வருஷம் முன்னால் கோட்டாறில் ஒரு பட்டறையில், பழைய டயர் மேல் உட்கார்ந்து ஒரு மத்தியானத்தைக் கழித்தேன். பட்டறைக்காரருக்கு அறுபது தாண்டியிருக்கும். பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். “பேரு போட்டியன்னா நாலு பேரு ஓசியில யோசனை கேக்க வருவானுவ. அப்புறம் நான் எப்பம் சோலி பாக்க?”

ரசவடையும் சாயாவும் வந்த நேரத்தில் ஒரு அம்பாசடர் டாக்ஸியும் வந்தது. டிஎன் 74 வண்டி. வயசு டாக்ஸிக்கும் கூட, டிரைவருக்கும் கூட. வலது முன்பக்கம் இறங்கியிருந்தது என் கண்ணுக்கே தெரிந்தது.

“அண்ணாச்சி, போன மாசம்தான் ஒரு எடத்துல முறுக்கி ஏத்திக் குடுத்தாங்க. இப்பம் திரும்பவும் சாஞ்சிட்டு. ராடு ரெண்டையும் மாத்தணும்ங்காங்க. எங்க போயி தேட?”

“அது கெடக்கட்டும். ஓட்டுகதுக்கு எப்பிடி இருக்கு?”

டிரைவர் கொஞ்சம் தயங்கினார். அப்புறம்தான் விஷயம் வந்தது. “மழையில சடார்னு பிரேக் புடிச்சா வலத்த இழுக்கு அண்ணாச்சி. முந்தாநாளு தோவாளை பக்கத்துல லாரி எதுக்க வருது, எனக்குன்னா கையும் ஓடல்ல, காலும் ஓடல்ல. வண்டிக்குள்ள ஸ்கூல் பிள்ளைய இருக்கு...”

பட்டறைக்காரர் சாயா கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். அவர் முகம் மாறினதைப் பார்த்தேன். வலது பக்கம் இழுக்கிறது என்றால் நம் ரோட்டில் அது எதிரே வருகிறவனின் பக்கம்.

அவர் முதலில் ஸ்பானரைத் தொடவில்லை. நாலு டயரிலும் காற்று பார்த்தார். ஒன்றில் குறைச்சல்; நிரப்பினார். டிக்கியைத் திறக்கச் சொன்னார். உள்ளே ஒரு பழைய ஜாக்கி, ஸ்டெப்னி, தண்ணீர் கேன், கூடவே அரை மூட்டை புளி! எல்லாவற்றையும் இறக்கியாயிற்று. வண்டியைச் சிமெண்டுத் தரையில் நாலு அடி முன்னால் உருட்டி, நாலு அடி பின்னால் உருட்டி, முன்னாலும் பின்னாலும் அமுக்கி அமுக்கி விட்டார். ஜாக்கி போட்டு இறக்கின வண்டியானால் சக்கரம் அகல இடமில்லாமல் கொஞ்சம் எக்கிக்கொண்டே நிற்குமாம். உருட்டினால்தான் சரியாக உட்காருமாம். அப்புறம் சக்கரத்தின் நட்டநடுவில் இருந்து நேர் மேலே மட்காட் விளிம்பு வரை டேப்பை வைத்து அளந்தார். தரையிலிருந்து அளந்தால் டயர் தேய்மானமும் காற்றும் கணக்கில் நுழைந்துவிடும் என்பதால் சக்கர மையம். நாலு மூலைக்கும் நாலு அளவு. சுவரில் சாக்பீஸால் எழுதினார். மில்லிமீட்டர் எல்லாம் கிடையாது. தச்சு ஆசாரிமார் கணக்குதான்: அங்குலம், நூல். எட்டு நூல் ஒரு அங்குலம்.

முன் வலது, முன் இடதைவிட மூணு நூல் தாழ்வு. பின் வலது, பின் இடதைவிட ஒரு அங்குலம் தாழ்வு!

“என்னத்துக்கு ஓய் முன்னால கெடந்து நோண்டுதீரு? பொறத்த பாத்தீரா?”

அடுத்து அவர் செய்ததுதான் எனக்குப் பிடித்த இடம். டிராலி ஜாக்கியைப் பின்னால் தள்ளிக்கொண்டு போய், பின் ஆக்ஸிலின் நடு உருண்டைக்கு அடியில் கொடுத்து, பின் சக்கரங்கள் தரையைவிட்டு லேசாக எழும்பும்படி தூக்கினார். அடியில் யாரையும் போக விடவில்லை. முன் சக்கரங்கள் தரையில். பின்பக்கம் ஒரே ஒரு புள்ளியில். மறுபடி முன்னால் வந்து அளந்தார். இப்போது தாழ்வைக் காணோம். அதற்குப் பதில் முன் வலது பக்கம், இடதைவிட நாலு நூல் உயரமாக நின்றது!

புரிகிறதா? ஹோட்டல் மேஜையை நினைத்துக்கொள்ளுங்கள். நாலு கால் மேஜையில் எந்தக் கால் குட்டை என்று கண்டுபிடிப்பது பெரிய தலைவலி. ஒன்று குறைந்தால் மற்ற மூன்றும் சேர்ந்து நாடகம் ஆடும். மூணு கால் முக்காலி ஆடவே ஆடாது. பின்னால் இரண்டு காலையும் ஒரு புள்ளியாக்கிவிட்டால் வண்டி முக்காலி ஆகிவிடுகிறது. அப்போது முன்பக்கம் சாய்ந்தால் அது முன்பக்கத்துக் குற்றம். சாயாவிட்டால் குற்றவாளி பின்னால் இருக்கிறான். காலேஜ் வாசல் மிதிக்காத மனிதர் வைத்த பரீட்சை இது. எனக்கு ஒரு சாயா கூடக் குடிக்கத் தோன்றியது.

பின் வலது பட்டையைச் சுரண்டினார்கள். வருஷக்கணக்கான சேறும் கிரீஸும் ஒரு இஞ்சுக் கனத்துக்கு. சுரண்டச் சுரண்ட உள்ளேயிருந்து வந்தது விஷயம். அடுக்கில் இரண்டாவது பட்டை ஒடிந்திருந்தது. அதற்குக் கீழே இன்னொன்றிலும் விரிசல். கிளிப் பிடித்துக்கொண்டிருந்ததால் வெளியே தெரியவில்லை.

கதை இப்படி. பின் வலது பட்டை ஒடிந்தது. வண்டி வலது பக்கம் சாய்ந்தது. உடம்பு ஒரே பெட்டியாச்சே, முன் வலதும் கூடவே இறங்கியது. டிரைவர் உட்காருகிற இடத்திலிருந்து தெரிவது முன்பக்கம்தான். முதலில் பார்த்த மெக்கானிக் முன் வலது டார்ஷன் பாரை முறுக்கி ஏற்றிவிட்டார். பார்வைக்குச் சரியாகிவிட்டது. ஆனால் நாலு சக்கரத்திலும் பாரப் பங்கீடு மாறிப்போனது. முன் வலதுக்கும் அதற்குக் குறுக்கே பின் இடதுக்கும் பாரம் கூடிவிட்டது. முன் இடதும் பின் வலதும் பாரம் குறைந்து தரையைச் சும்மா தொட்டுக்கொண்டிருந்தன. வெயிலில் தெரியாது. மழையில் பிரேக்கை அமுக்கினால், பாரம் இல்லாத முன் இடது சக்கரம் பிடிமானம் விட்டு வழுக்கும். பாரம் உள்ள முன் வலது சக்கரம் நன்றாகப் பிடிக்கும். வண்டி வலது பக்கம் திரும்பும். பிரேக் லைனிங்கை எத்தனை தடவை மாற்றினாலும் இது போகாது. இதற்குள் அடுத்த பட்டையும் விட்டுக்கொடுக்க, சாய்வும் திரும்பி வந்துவிட்டது.

“ராடு ரெண்டும் நல்லா இருக்கு. அதை மாத்தாண்டாம். பட்டைய மாத்தும். ஏத்தி வச்சதை நான் எறக்கித் தாரேன்.”

டிரைவர் ஒன்றும் பேசவில்லை. பட்டைக்கு எவ்வளவு ஆகும் என்றுகூடக் கேட்கவில்லை. சாயங்காலம் ஸ்கூல் சவாரிக்கு வேறு வண்டி சொல்லிவிட்டு வருகிறேன் என்று போனார்.

இனி அந்த இறக்குகிற வேலை. யாராவது ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலிலேயே செய்து பார்க்கலாம் என்று கிளம்பாதீர்கள். ஒரு பக்கச் சக்கரத்தின் பாரத்தையே சுமந்துகொண்டு முறுகி நிற்கிற கம்பி அது. பாரத்தை வாங்காமல் பின் போல்ட்டைக் கழற்றினால் லீவர் பேய் வேகத்தில் சுழலும். பட்டறைக்காரரின் வலது மணிக்கட்டில் ஒரு வளைந்த தழும்பு இருந்தது. “பதினெட்டு வயசுல. ஆசான் வாறதுக்குள்ள கழட்டிக் காட்டணும்னு ஒரு கெறுக்கு” என்றார்.

முறை இது: வண்டியை உயர்த்தி, சட்டத்துக்கு அடியில் ஸ்டாண்டு கொடுத்து (செங்கல் அல்ல!), கீழ்க் கையைத் தனி ஜாக்கியில் தாங்கி, முறுக்கம் முழுக்க விட்ட பிறகுதான் லீவரைத் தொடுவது. முதலில் இருந்த நிலைக்கு ஒரு அடையாளம் போட்டுக்கொள்வது. கம்பியைப் பைப் ரிஞ்சால் கவ்வுவது, உளியால் குறி வெட்டுவது எல்லாம் கூடவே கூடாது. முறுகுகிற கம்பிக்கு மேல்தோலில்தான் அதிக வேதனை. ஒரு சின்னக் கீறல் போதும், விரிசல் அங்கேயே பிறக்கும். அடையாளத்துக்குப் பெயின்ட்தான். அதேபோல இடது கம்பியை வலத்திலும் வலது கம்பியை இடத்திலும் மாற்றிப் போடக் கூடாது. பார்வைக்கு ரெண்டும் இரட்டைப் பிள்ளைகள். ஆனால் ஒன்று ஒரு திசையில் முறுகிப் பழகினது, மற்றது எதிர்த்திசையில். பழக்கத்துக்கு எதிராக முறுக்கினால் சீக்கிரம் சோர்ந்துபோகும், ஒடியவும் செய்யும்.

புதுப் பட்டை போட்டு, கம்பியை இறக்கி, மறுபடி உருட்டி அளந்தபோது முன் இரண்டுக்கும் ரெண்டு நூல் வித்தியாசம். வலதுதான் கொஞ்சம் உயரம். ‘இன்னும் சரியாகலையே’ என்றேன். பட்டறைக்காரர் டிரைவரைக் கூப்பிட்டு உள்ளே உட்காரச் சொன்னார். அளந்தார். ரெண்டு பக்கமும் ஒரே அளவு.

“காலி வண்டிய நேரா நிறுத்தி என்னத்துக்கு சார்? ஓடும்போ அவரும் உள்ளதான இருப்பாரு!”

உயரம் மாற்றினால் அதோடு விஷயம் முடிவதில்லை. கீழ்க் கையின் சாய்வு மாறினால் சக்கரம் நிற்கிற கோணமும் மாறும். வீல் அலைன்மென்ட் பார்த்தே ஆக வேண்டும். இல்லையென்றால் டயர் ஒரு ஓரமாக மொட்டையடித்துக்கொள்ளும். ஹெட்லைட்டும் அப்படித்தான். அம்பாசடரின் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே 97 அங்குலம். முன்பக்கத்தை மட்டும் 1 அங்குலம் ஏற்றினால், 25 மீட்டர் தூரத்தில் வெளிச்சம் கால் மீட்டருக்கு மேல் எழும்பிவிடும். ரோட்டில் விழ வேண்டிய வெளிச்சம் எதிரே வருகிறவரின் கண்ணில். ஆரல்வாய்மொழி வளைவில் அவர் கண் கூசிக் கண்ணை மூடினால் நஷ்டம் ரெண்டு பேருக்கும்தான்.

இப்போது நீங்கள் கேட்பீர்கள், ‘என்னிடம் இருப்பது மாருதியாச்சே, எனக்கு எங்கே முறுக்குவது?’ உங்களுக்கு முறுக்க இடமே கிடையாது. இன்றைய சின்னக் கார்கள் பெரும்பாலும் முன்னால் சுருள் ஸ்பிரிங்கும் ஸ்ட்ரட்டும். தாழ்ந்துபோனால் ஸ்பிரிங்கை ஜோடியாக மாற்றுவதுதான் வழி. ஸ்பிரிங் சுருளுக்கு இடையே ரப்பர் கட்டை செருகி ஏற்றித் தருகிறேன் என்று ரோட்டோரத்தில் யாராவது சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு நகருங்கள். கட்டை இருக்கிற இடத்தில் சுருள் வேலை செய்யாது. மற்ற சுருள்கள் கூடுதலாக முறுகிச் சீக்கிரம் ஒடியும். கல்யாணமாகாத தம்பிகள் சிலர் ஜீப்பை ஆகாசத்துக்கு ஏற்றுவதும், காரைத் தரையோடு ஒட்டவைப்பதுமாக இருக்கிறார்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52ம் பிரிவு என்று ஒன்று உண்டு. தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்கிறது. 2019ல் சுப்ரீம் கோர்ட்டும் அதை அழுத்திச் சொல்லியிருக்கிறது. தாழ்ந்ததைப் பழைய உயரத்துக்குக் கொண்டுவருவது ரிப்பேர். அதற்கும் மேலே போனால் அது வேறு கணக்கு.

ஆனால் அந்த அளக்கிற வேலை இருக்கிறதே, அதை எந்த வண்டிக்காரரும் செய்யலாம். செலவு ஒரு டேப், கால் மணி நேரம், கொஞ்சம் சமமான தரை. (நம் ஊரில் கடைசியாகச் சொன்னதுதான் கஷ்டம். பெட்ரோல் பங்க் சிமெண்டுத் தரை உத்தமம். கூட்டமில்லாத நேரமாகப் பார்த்துப் போங்கள்.) காற்றைச் சரிபார்த்து, டிக்கியைக் காலி பண்ணி, வண்டியை உருட்டி நிறுத்தி, நாலு மூலையும் அளந்து ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி ஆர்.சி. புத்தகத்தோடு வைத்துவிடுங்கள். ஆறு மாசம் கழித்து மறுபடி அளவெடுத்து ஒப்பிட்டால் எந்த மூலை இறங்குகிறது என்று தெரிந்துவிடும். இடமும் வலமும் ஒன்றிரண்டு நூல் வித்தியாசம் இருந்தால் கவலைப்படாதீர்கள். அரை அங்குலத்துக்கு மேல் போனால் மெக்கானிக்கிடம் காகிதத்தோடு போங்கள். அவர் முன்பக்கத்தைத் தொடுவதற்கு முன்னால், பின்பக்கம் ஜாக்கி வைத்து ஒரு தடவை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். முறைத்தால் பரவாயில்லை.

புதிதாக முறுக்கின கம்பியோ, புதிதாகப் போட்ட பட்டையோ, ஓடின பிறகு இன்னும் ஒரு நூலோ ரெண்டு நூலோ உட்காரும். அதனால் ஒரு வாரம் ஓட்டிவிட்டு மறுபடி கொண்டு வரச் சொன்னார் கோட்டாறுக்காரர். போல்ட்டுகளையும் அப்போது ஒரு இழுப்பு இழுத்துப் பார்ப்பாராம். அதற்குத் தனியாகக் காசு கிடையாது, புளி மூட்டையை மட்டும் இறக்கிவிட்டு வரணும் என்று டிரைவரிடம் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்.